கரடியின் வாலும் புல்வெட்டும் இயந்திரமும்

ஒரு காட்டில் ஒரு மைதானம் இருந்தது. காட்டுக்குள் மைதானம் எதற்கு என்று கேட்காதீர்கள். ராஜா என்று ஒருவர் இருந்தால், அவர் முன்னால் எல்லோரும் வந்து கைகட்டி நிற்க ஓர் இடம் வேண்டாமா? அதற்குத்தான். ராஜா சிங்கம். மேட்டில் ஒரு பாறை, பாறைமேல் அவர், கீழே சரிவாக இறங்கிப் போகும் புல்தரை.

அந்தப் புல்லை முன்பெல்லாம் மான்கள் மேய்ந்து மட்டமாக வைத்திருந்தன. கூலி கேட்காத வேலையாட்கள். ஆனால் என்ன காரணமோ, மேய வந்த மான்கள் வர வரக் குறைந்துகொண்டே போயின. காலையில் கூட்டமாக வரும். ராஜா சாப்பிட்டு ஏப்பம் விடும் நேரத்தில் கணக்கு உதைக்கும். இதைப் பற்றி ராஜாவிடமே கேட்டுவிடலாம் என்று சபையில் ஒரு முயல் யோசனை சொன்னது. பிறகு அந்த முயலையும் காணவில்லை.

மேய ஆளில்லாமல் புல் வளர்ந்தது. ராஜா பாறைமேல் உட்கார்ந்தால் கீழே நிற்பவர்களுக்குப் பிடரி மட்டும்தான் தெரிந்தது. ராஜாவைப் பார்க்காமலேயே கும்பிட்டுவிட்டுப் போகும் பழக்கம் வந்தால் அது நாளைக்கு எங்கே கொண்டுபோய் விடும்? ஆகவே எங்கிருந்தோ ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை வரவழைத்தார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் ஓட்டுகிற விளையாட்டுச் சாமான் இல்லை அது. பெரிய மைதானங்களுக்கான கனத்த இயந்திரம். முன்னால் அகலமான தகட்டு மூடி, அதற்கு அடியில் சுழலும் கத்திகள், வெட்டிய புல்லைத் துப்புவதற்குப் பக்கவாட்டில் ஒரு வாய், பின்னால் நீண்ட கைப்பிடி. சக்கரத்தை எஞ்சினே உருட்டிவிடும். ஓட்டுகிறவர் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தால் போதும்.

இந்தப் ‘பின்னால் நடந்து’ என்பதில்தான் சிக்கல் வந்தது. காட்டில் எல்லோரும் கௌரவம் பார்க்கிறவர்கள். “என் பின்னாலதான் நாலு பேர் வருவாங்க. நான் யார் பின்னாலயும் போனதில்ல” என்றது காட்டெருமை. சிறுத்தை கொட்டாவி விட்டுவிட்டுப் புரண்டு படுத்தது. நரிக்குப் பின்னால் நடந்து நல்ல பழக்கம் உண்டு, பாதி வாழ்க்கை அப்படித்தான் ஓடியிருக்கிறது. அதுவே, “பெரிய மனுஷங்களுக்குப் பின்னால நடப்பேன், மிஷினுக்குப் பின்னால எப்படிங்க நடக்கிறது?” என்று நழுவிவிட்டது.

கடைசியில் அந்த வேலை கரடியிடம் வந்து சேர்ந்தது. கரடிக்குக் கை இருந்தது, இரண்டு காலில் நிற்க வந்தது, கௌரவம் பார்க்கிற வசதி இல்லை.

“உனக்கு இன்னொரு சௌகரியமும் இருக்குப்பா” என்றார் மைதானத்துச் சூப்பர்வைசரான முள்ளம்பன்றி வேலாயுதம், கரடியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு. “வால்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல. எதுலயும் மாட்டாது.”

“எங்க வம்சத்துக்கே அப்படித்தாங்கய்யா” என்றது கரடி. உண்மைதான். கரடிகளுக்கு வால் இருக்கிற இடத்தில் ஒரு ரோமக் குஞ்சம்தான் இருக்கும். அதையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கரடியின் பெயர் பொய்யாமொழி. சும்மா வைத்த பெயர் இல்லை. காட்டுக்கு வெளியே மனிதர்கள் யாராவது புளுகினால் ‘கரடி விடுகிறான்’ என்று சொல்கிறார்கள் என்பது இவருடைய அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. நொந்துபோன அந்த மனிதர், மன்னிக்கவும், அந்தக் கரடி, குலத்துக்கு வந்த பழியைத் துடைக்கத் தன் மகனுக்கு இப்படிப் பெயர் வைத்தார். மகனும் அதைக் காப்பாற்றினார். வாயைத் திறந்தால் உண்மை. அதனால் நண்பர்கள் குறைவு.

வேலை தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நிரந்தரமானால் மேட்டுமேல் ஒரு குகை கிடைக்கும். பாறைக் குகை; ஒழுகாது, ஊறாது, காற்று நேராக அடிக்காது. பொய்யாமொழி அப்போது குடியிருந்தது ஆற்றோரத்து மரத்தின் வேருக்கடியில் ஒரு பொந்து. போன வருஷத்து ஐப்பசி மழையில் ஆறு கேட்காமலே வீட்டுக்குள் வந்து, தொட்டிலில் கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு வேரில் சிக்கியதால் குட்டி பிழைத்தது. அன்றிலிருந்து அவருடைய மனைவி பூவாத்தா மேகத்தைப் பார்த்தாலே குட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள்.

“இதோ பாருங்க, இந்த மழைக்கு முன்னால குகை கெடச்சா நான் இங்க இருப்பேன்” என்று அவள் சொல்லிவிட்டாள். “இல்லாட்டி புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா காட்டுக்குப் போயிருவேன். நீங்க உங்க மிஷினோட குடும்பம் நடத்துங்க.”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். அதுதான் பொய்யாமொழியை இன்னும் வாட்டியது.

ஆகையால் அவர் வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தை மற்றவர்கள் வாசலில் வைத்துச் சந்தனம் தெளித்திருந்தார்கள். இவர் எடுத்துப் படித்தார். காலையில் பனி காய்ந்து புல் உலரும் வரை எஞ்சினைத் தொட மாட்டார், ஈரத்தில் கால் வழுக்கும் என்று. பிறகு மைதானம் முழுக்கக் குனிந்து குனிந்து நடந்து கல்லையும் குச்சியையும் பொறுக்குவார். எலும்பையும்தான். அந்தப் புல்லில் எலும்பு நிறையக் கிடந்தது. யாருடையது என்று விசாரிக்காமல் எடுத்து ஓரமாகக் குவிப்பார். கத்தியில் ஓர் எலும்பு பட்டால் அது துப்பும் வாய் வழியாகப் பறந்து எவன் மண்டையைப் பிளக்கும் என்று சொல்ல முடியாதே!

கெட்டியான மரப்பட்டையில் செருப்புத் தைத்துப் போட்டுக்கொண்டார். காதில் பஞ்சு. சரிவில் மேலும் கீழுமாக ஓட்டாமல் குறுக்கே ஓட்டினார். துப்பும் வாய் இருக்கும் பக்கத்தில் ஓர் எறும்பு நின்றாலும், “அப்படித் தள்ளி நில்லுங்க தாயி” என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவார். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்ற மாட்டார். அது ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து தேன் நக்குவார். கத்தியில் புல் அடைத்துக்கொண்டால், எஞ்சினை நிறுத்தி, பிளக் ஒயரைப் பிடுங்கி, சுழற்சி அடங்கியதா என்று பார்த்த பிறகே அடியில் கை வைப்பார். தன்னை நோக்கி இயந்திரத்தை இழுத்து ஓட்டுவது மட்டும் கிடையவே கிடையாது.

அவருக்கு மிகவும் பிடித்தது கைப்பிடியோடு சேர்ந்திருந்த ஒரு லிவர். அதைக் கைப்பிடியோடு அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கத்தி சுற்றும். அதன்மேல் ஒரு வாசகம் ஒட்டியிருந்தது: ‘கைவிட்டால் நின்றுவிடும்.’ இத்தனை பெரிய முரட்டு ஜீவன், கையை எடுத்ததும் அடங்கிப் போகிறதே என்று அவருக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை. வீட்டில் குட்டிக்குக்கூடச் சொல்லிக் காட்டுவார்.

கோடை போயிற்று, ஆடி போயிற்று. மைதானம் பாய் விரித்தது போல இருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிரச்சனை அதுதான்.

புரட்டாசி பிறந்ததும் பொய்யாமொழி வேலாயுதத்திடம் போய் நின்றார். “ஐயா, வேலையை நிரந்தரம் பண்ணித் தரணுங்க. மழை வருது.”

வேலாயுதம் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே பிறந்தவர், அவ்வளவுதான். “சொல்லலாம்ப்பா. ராஜாகிட்ட என்னன்னு சொல்றது? நீ என்ன செஞ்சே?”

“புல் வெட்டினேங்க.”

“அது மிஷின் செஞ்சுது. நீ என்ன செஞ்சே?”

பொய்யாமொழி யோசித்தார். “யாருக்கும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிட்டேங்க.”

“ஒண்ணும் ஆகல. சரி. ஒண்ணும் ஆகலங்கிறதை எப்படிப்பா சொல்லிக் காட்டுறது? ‘மகாராஜா, இன்னிக்கும் யாருக்கும் கால் போகலை’ன்னு சொன்னா, ‘அதுக்கு எதுக்கு ஆளு’ன்னு கேப்பாரு. பாதுகாப்பு பாதுகாப்புன்னு நீ பாதி நாள் கல்லு பொறுக்குறே, மீதி நாள் எஞ்சின் ஆறுதுன்னு உக்காந்திருக்கே. பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? அந்த வீரபாகுவைப் பாரு. என்னா சுறுசுறுப்பு!”

வீரபாகு ஒரு செந்நாய். நீளமான, புசுபுசுவென்ற வால். அதை ஆட்டுவதைத் தவிர அவன் சுறுசுறுப்பாக வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் செந்நாய்கள் கூட்டமாக இருப்பவை. அவன் தும்மினால் அவனுடைய சித்தப்பன் மக்கள் பெரியப்பன் மக்கள் எல்லாம் சேர்ந்து கைதட்டுவார்கள். அந்த நிரந்தர வேலையின் மேலும் குகையின் மேலும் அவனுக்கும் ஒரு கண்.

“ஆயுத பூஜை அன்னிக்கு ராஜா முன்னால மிஷினை ஓட்டிக் காட்டணும். நல்லாச் செஞ்சா நானே பேசுறேன்” என்று வேலாயுதம் முடித்துவிட்டார். பொய்யாமொழி நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனார். பூவாத்தா மூட்டையைக் கட்டவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. காட்டில் ஆயுதம் என்றால் அவரவர் பல்லும் நகமும்தான். வழக்கமாக எல்லோரும் நகத்துக்குச் சந்தனம் தடவி, பொரியைத் தின்றுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இந்த வருஷம் இயந்திரம் இருந்ததால் ஏற்பாடு தடபுடலாக இருந்தது. வாழைக்கன்று, மாலை, சுண்டல், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ராஜா பாறைமேல் வந்து அமர்ந்தார். பிடரிக்கு எண்ணெய் வைத்திருந்தார்.

வேலாயுதம் குங்குமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்கு எங்கே பொட்டு வைக்கலாம் என்று தேடினார். அப்போதுதான் அவர் கண்ணில் அந்த லிவரும் அதன் வாசகமும் பட்டன.

“கைவிட்டால்... நின்றுவிடும்” என்று எழுத்துக்கூட்டிப் படித்தவர் பதறிப்போனார். “சிவ சிவா! நல்ல நாளும் அதுவுமா கைவிடுறதாம், நின்னு போறதாம்! இப்படி ஒரு பேச்சையா மிஷின்ல எழுதி வைப்பாங்க?” ராஜாவின் பக்கம் திரும்பி, “மகாராஜா, தங்கள் ராஜ்ஜியத்தில் யாரும் எதையும் கைவிடவும் மாட்டோம், எதுவும் நிற்கவும் நிற்காது” என்று அறிவித்தார். கூட்டம் ஆரவாரித்தது.

பூஜைத் தட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்தி, கயிற்றை நாலைந்து சுற்றுச் சுற்றினார். அபசகுனம் மறைந்தது. வாசகமும் மறைந்தது. கற்பூரம் ஏற்றினார்கள், மணி அடித்தது, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“ஐயய்யோ, அதைக் கட்டாதீங்க!”

பூஜை நடக்கும்போது கரடி உள்ளே புகுந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்கு அது எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது. பொய்யாமொழி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து இயந்திரத்தின் முன் நின்றார். மூச்சு வாங்கியது. “கயித்த அவுருங்கய்யா! இப்படிக் கட்டிட்டா கையை விட்டாலும் நிக்காது! கத்தி சுத்திக்கிட்டே இருக்கும். யாராச்சும் விழுந்தா கால் போயிரும்!”

மணி நின்றது. கற்பூரம்கூட ஒரு நொடி குனிந்து எரிந்தது.

“யார் இந்த வாயில் நல்ல வார்த்தை வராதவன்?” என்று கேட்டார் ராஜா.

“நம்ம மிஷின் ஓட்டுறவர்தான் மகாராஜா. பயந்த சுபாவம்” என்று வேலாயுதம் கையைப் பிசைந்தார்.

“பயப்படுகிறவன் எதற்கு ஓட்டுகிறான்? பயப்படாதவன் யாரும் இல்லையா?”

வீரபாகு வாலை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். அவனுடைய உறவு முழுக்கக் கைதட்டியது. அவன் செருப்புப் போடவில்லை, பஞ்சு வைக்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. பொய்யாமொழி பொறுக்கிக் குவித்திருந்த எலும்புகளில் ஒன்றைப் போகிற போக்கில் எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, சரிவிலேயே தன் பின்னால் போட்டான். எஞ்சினைக் கிளப்பினான்.

ராஜாவை நோக்கி மேட்டில் ஏறியவரை ஒரு குறையும் இல்லை. பாறைக்குக் கொஞ்சம் முன்னால் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அங்கேதான் அவனுக்கு ஒரு தர்மசங்கடம். இயந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் ராஜாவுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அவனுடைய ஏழு தலைமுறையில் யாரும் ராஜாவுக்கு முதுகு காட்டியதில்லை. காட்டியவர்கள் அடுத்த தலைமுறைக்கு இருந்ததில்லை.

ஆகவே ராஜாவைப் பார்த்தபடியே, முகத்தில் சிரிப்பு மாறாமல், சக்கர ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டு, இயந்திரத்தைத் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்க ஆரம்பித்தான். அதோடு விட்டானா? பெரியவர்கள் முன்னிலையில் வாலைத் தூக்கி வைத்திருப்பது மரியாதையில்லை என்று அதைக் கால்களுக்கு நடுவே முன்பக்கமாகச் சுருட்டிக்கொண்டான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

“பின்னால பாரு! இழுக்காத!” என்று பொய்யாமொழி கத்தினார். எஞ்சின் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

அவனே போட்ட எலும்பு அவனுடைய குதிகாலில் பட்டது. மல்லாக்க விழுந்தான். கை விட்டது. ஆனால் லிவர் விடவில்லை, கயிறு விடவில்லை, கத்தி சுற்றிக்கொண்டே சரிவில் அவன்மேல் இறங்கியது.

பொய்யாமொழி எப்படி அங்கே போனார் என்று அவருக்கே தெரியாது. கைப்பிடியைப் பிடித்து அழுத்தி இயந்திரத்தின் மூக்கைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தும் பொத்தானில் ஒரு குத்துக் குத்தினார். சத்தம் அடங்கியது. வீரபாகுவின் இரண்டு கால்களும் தப்பின. அடிவயிறும் தப்பியது. வாலில் பாதி மட்டும் போயிருந்தது.

இதை யாராவது பார்த்தார்களா என்றால், இல்லை. எல்லோரும் பூஜைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட வால் துப்பும் வாய் வழியாகப் பறந்து வந்து, ராஜாவின் காலடியில், சுண்டலுக்குப் பக்கத்தில், குங்குமத்தின் மேல் மெத்தென்று விழுந்திருந்தது.

ராஜா அதை உற்றுப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

“காணிக்கை!” என்றார். “எத்தனையோ பேர் எத்தனையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நமக்காகத் தன் வாலையே வைத்தவன் இவன் ஒருவன்தான்!”

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? வீரபாகுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மிச்ச வாலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு அதற்கும் ஒரு சின்னப் பொன்னாடை. ‘வால் துறந்த வீரன்’ என்று பட்டம். இயந்திரத்தின் ஆபத்தை அனுபவித்து அறிந்தவன் என்பதால் அவனையே காட்டின் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்து, குகையையும் அவனுக்கே எழுதி வைத்தார்கள். பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் பாதுகாப்பைப் பற்றிப் பேச வரச்சொல்லி அழைப்பு வந்தது. அவன் கிளம்பிப் போய்விட்டான். குகை பூட்டிக் கிடந்தது.

“உன் வாய் முகூர்த்தம்ப்பா. நீ கத்தாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?” என்று வேலாயுதம் பொய்யாமொழியிடம் வருத்தப்பட்டார். “வீரபாகு ஊரெல்லாம் சுத்திட்டு வர வரைக்கும் மைதானத்தைப் பாத்துக்க. அப்புறம் வேற எடம் பாத்துக்க. தப்பா நெனக்காத.”

பொய்யாமொழிக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார். இத்தனை மாசமாக ஒருவருக்கும் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றியவருக்கு வேலை போயிற்று; ஒரே நாளில் பாதி வாலைத் தொலைத்தவனுக்குப் பதவியும் குகையும் கிடைத்தன. இது எந்த ஊர் நியாயம்? எனக்கே இதைச் சொல்லும்போது பற்றிக்கொண்டு வருகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. பொந்துக்குள் முதலில் ஈரம் வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு ஒரு தவளை குடும்பத்தோடு வந்தது. பூவாத்தா மூட்டையைக் கட்டி முடித்துவிட்டாள்.

“மழை ஒரு நாள் விட்டதும் கெளம்புறேன்” என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, “நீங்களும் வாங்களேன்” என்றாள். மாமியார் காட்டில் போய் உட்காருவதை நினைத்து அவர் சேற்றை வாரி வெளியே கொட்டப் போனார்.

மழை விட்ட அன்றைக்குத்தான் அந்த அம்மையார் வந்தார். காடுகளின் கூட்டமைப்பிலிருந்து விபத்தை விசாரிக்க வந்த ஆய்வாளர்; மங்கையர்க்கரசி என்று பெயர், யானை. இளகிய மனசு, பெரிய உடம்பு, சின்னக் கண். விபத்தில் வால் போனவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே வேலாயுதத்தோடு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்.

பொய்யாமொழி அப்போது எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். நன்றாகக் குனிந்து, பின்பக்கத்தை வருகிறவர்களுக்குக் காட்டியபடி.

அம்மையார் நின்றுவிட்டார். தும்பிக்கை தானாக மேலே எழுந்து நெற்றியைத் தொட்டது. “ஐயோ கடவுளே... அடியோட போயிருச்சா!”

வேலாயுதம் வாயைத் திறந்தார். ‘இவர் இல்லைம்மா’ என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. உண்மையான ஆளைத் தேடிப் போனால் அவன் மேடை போட்டுப் பேசுகிற பேச்சில் மஞ்சள் கயிறும் வரும், அதைக் கட்டியவர் பெயரும் வரும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பொய்யாமொழி நிமிர்ந்து திரும்பினார். அம்மையாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“அந்த நேரத்துல ரொம்ப வலிச்சுதா தம்பி?”

‘வால் போனது எனக்கு இல்லம்மா’ என்பது அவருடைய தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. அவருடைய அப்பாவின் முகம் கண்முன் வந்து நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு குட்டியின் முகம் வந்தது. போன வருஷம் வேரில் தொங்கிக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் விழித்த முகம்.

“மனசுதாங்கம்மா வலிச்சுது” என்றார். உண்மை.

“கையை விட்டதும் நின்னிருக்கணுமே?”

“நிக்கலீங்க. லிவரைக் கட்டி வச்சிருந்தாங்க.” அதுவும் உண்மை. வேலாயுதத்தின் முட்கள் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டன.

“யாரு கட்டினது?”

“சாமி கயிறுங்கம்மா” என்றார் பொய்யாமொழி. முட்கள் படிந்தன.

“இவ்வளவு நடந்தும் இன்னும் இந்த மைதானத்துலயே வேலை செய்யறீங்களே! வால் நெனப்பு வரதில்லையா?”

“இல்லாததை நெனச்சு என்னங்கம்மா ஆகப் போகுது?” என்றார் பொய்யாமொழி. அவர் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான உண்மையைப் பேசியதில்லை.

அம்மையார் கதறிவிட்டார். மைதானத்தில் நின்ற தண்ணீரில் பாதி அவருடையது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். “எவ்வளவு பெரிய மனசு!” என்று தும்பிக்கையால் அவருடைய தலையைத் தடவிவிட்டு நேரே ராஜாவிடம் போனார். இப்படி ஒரு தியாகியை எலும்பு பொறுக்க விட்டிருக்கிறீர்களே என்று அவர் பிளிறியது அடுத்த காடு வரை கேட்டது.

விஷயம் கேள்விப்பட்டு வீரபாகு அரக்கப்பரக்க ஓடி வந்தான். “வால் போனது எனக்கு! அந்தக் கரடிக்கு வாலே கிடையாது!” என்று சபையில் குதித்தான்.

“அதைத்தானே தம்பி நானும் சொல்றேன், அவருக்கு வாலே கிடையாது” என்றார் அம்மையார். “உங்களுக்குப் பாதி மிச்சம் இருக்கே.”

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித் திரும்பி நிற்கச் சொன்னார்கள். சபை முழுக்க எட்டிப் பார்த்தது. செந்நாயிடம் பாதி வால் ஆடியது. கரடியிடம் ஆடுவதற்கு ஒன்றுமில்லை. வீரபாகுவின் உறவே பார்த்துவிட்டு, “நம்ம பய கொஞ்சம் கம்மியாத்தான் இழந்திருக்கான்” என்று முணுமுணுத்தது. ராஜாவும் மறுபடி கண்கலங்கி, கரடியின் வால் எந்தத் தட்டில் விழுந்தது, தான் அதைக் கவனிக்கவில்லையே என்று வருந்தினார். பொய்யாமொழியைத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியாக்கி, குகையை அவருக்கு மாற்றி எழுதினார்கள். வீரபாகு அவருக்குக் கீழே உதவியாள். பாதி வாலுக்குப் பாதிப் பதவி.

குகை உண்மையாகவே ஒழுகவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குட்டி காய்ந்த சருகின்மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கியது. பூவாத்தா மேகத்தைப் பார்த்தாள், ஆனால் குட்டியைத் தூக்கவில்லை.

“நான் ஒரு பொய்யும் சொல்லல, பூவாத்தா” என்றார் பொய்யாமொழி.

“நீங்க எங்க சொன்னீங்க? அந்தம்மா தானாக் கேட்டுக்கிச்சு” என்று அவள் கொஞ்சம் தேனை அவர் பக்கம் நகர்த்தினாள். “சாப்பிடுங்க.”

அன்றிலிருந்து கரடி விடுவதைப் பற்றி யாராவது கேலியாகப் பேசினால் அவருக்குக் கோபம் வருவதில்லை. எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பதவி ஏற்றதும் அவர் செய்த முதல் காரியம், மைதானத்துக்குப் போய் லிவரில் இருந்த மஞ்சள் கயிற்றை அறுத்ததுதான். வாசகம் மறுபடி தெரிந்தது. மறுநாள் வேலாயுதம் வந்து, அதிகாரி கையால் கயிறு அறுந்தது நல்ல சகுனம் இல்லை என்று புதுக் கயிறு கட்டினார். இவர் அறுக்க, அவர் கட்ட, இன்று வரை இது நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இயந்திரத்தை ஓட்டத்தான் ஆள் இல்லை. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நேரே அதிகாரி பதவி கேட்டார்கள். முயல்கள் கூட்டமாக வந்து திரும்பி நின்று, தங்களுக்குக் குட்டை வால்தான் என்று காட்டின. ஒரு மயில் தன்னுடைய தோகையை மறைத்துக் கட்டிக்கொண்டு வந்து பிடிபட்டது. தவளைகளோ, சின்ன வயதில் இருந்த வாலைக் காட்டுக்காகவே துறந்ததாகச் சாதித்தன.

வெட்ட ஆளில்லாமல் மைதானத்தில் புல் தளதளவென்று வளர்ந்தது. அதைக் கேள்விப்பட்டு எங்கிருந்தோ மான்கள் மேய வந்தன. ராஜாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நீதி: ஒருவருக்கும் வால் அறுபடாமல் பார்த்துக்கொண்டால் வேலை போகும், பாதி வால் அறுபட்டால் பொன்னாடை கிடைக்கும், ஒழுகாத குகைதான் வேண்டும் என்றால், பிறக்கும்போதே வால் இல்லாமல் பிறந்து, சரியான நேரத்தில் குனிந்து நிற்க வேண்டும்.